‘100% ப்யூர்’ எசென்ஷியல் ஆயில், ரோஸ் வாட்டர்: பாட்டிலுக்குள்ளே இருப்பது என்ன?

ராத்திரி பத்து மணிக்கு ஏதாவது ஒரு டெலிவரி ஆப்பைத் திறந்து ‘எசென்ஷியல் ஆயில்’ என்று தேடிப் பாருங்கள். லாவெண்டர், டீ ட்ரீ, ரோஸ்மேரி, பெப்பர்மின்ட், மல்லிகை என்று குட்டிக் குட்டியாய் பழுப்பு நிற பாட்டில்கள் வரிசை கட்டி நிற்கும். 10 மில்லி 150 ரூபாய்க்கும் கிடைக்கும். அதே பெயரில், அதே 10 மில்லி ஆயிரத்துச் சொச்சத்துக்கும் கிடைக்கும். இரண்டின் மேலும் ‘100% ப்யூர்’ என்றுதான் போட்டிருக்கும். முடி கொட்டினால் ரோஸ்மேரி, தூக்கம் வராவிட்டால் லாவெண்டர், பரு வந்தால் டீ ட்ரீ, எல்லாம் முடிந்ததும் முகத்துக்கு இரண்டு ஸ்ப்ரே ரோஸ் வாட்டர் என்று ரீல்ஸ் வேறு விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

இன்னொரு பக்கம், 2025 ஜூலையில் சென்னையிலிருந்து ஒரு செய்தி வந்தது. சளி பிடித்திருந்த எட்டு மாதக் குழந்தைக்குத் தைலத்தோடு கற்பூரத்தைக் குழைத்து மூக்கில் தடவியிருக்கிறார்கள். பிறகு மூச்சுத்திணறல் வந்து குழந்தை இறந்துவிட்டது என்றது அந்தச் செய்தி. இறப்புக்கு அதுதான் காரணமா என்பதை மருத்துவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் கைக்குழந்தைக்குக் கற்பூரமும் தைலமும் கூடாது என்று குழந்தை நல மருத்துவர்கள் பல வருடங்களாகச் சொல்லிவருகிறார்கள். ‘பாட்டி காலத்திலிருந்து தேய்க்கிறோமே, செடியிலிருந்து வருவதுதானே, என்ன ஆகிடும்?’ என்ற பதில்தான் வீடுகளில் அதைவிடச் சத்தமாகக் கேட்கிறது.

அந்த ‘என்ன ஆகிடும்?’ என்ற கேள்விக்கும், 150 ரூபாய் பாட்டில் மர்மத்துக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. செடியிலிருந்து மணத்தை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டால் போதும்.

பெயரில்தான் எண்ணெய்

நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், கடலையெண்ணெய் எல்லாம் கொழுப்பு. ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டால் கறை அப்படியே நிற்கும். எசென்ஷியல் ஆயிலில் கொழுப்பு கிடையாது. செடியின் மணத்துக்குக் காரணமான, காற்றில் எளிதாகப் பறந்துவிடுகிற சின்னச் சின்ன மூலக்கூறுகளின் கலவை அது. லாவெண்டரையோ யூகலிப்டஸையோ காகிதத்தில் ஒரு சொட்டு விட்டால் கொஞ்ச நேரத்தில் கறை பெரும்பாலும் மறைந்துவிடும். தண்ணீரோடு கலக்காமல் மிதக்கிறது என்பதால் எண்ணெய் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

‘எசென்ஷியல்’ என்ற சொல்லும் பலரைக் குழப்புகிறது. சில பாட்டில்களில் ‘அத்தியாவசிய எண்ணெய்’ என்றே தமிழில் அச்சடித்து விற்கிறார்கள். அரிசி, பருப்பு மாதிரி அத்தியாவசியம் என்று நினைத்துவிடாதீர்கள். எசென்ஸ், அதாவது சாரம் என்ற சொல்லிலிருந்து வந்தது அது. நறுமண எண்ணெய் என்று சொன்னால் விஷயம் முடிந்தது.

செடி இதை நமக்காகச் செய்து வைக்கவில்லை. பூச்சியை விரட்ட, பூஞ்சையைத் தடுக்க, மகரந்தம் சுமக்கும் வண்டை அழைக்க என்று அதற்குச் சொந்தக் காரணங்கள் உண்டு. துளசியிலும் புதினாவிலும் இலை மேலிருக்கும் நுண்ணிய முடிகளின் நுனியில் சேர்த்து வைக்கும். எலுமிச்சை இலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஊசி குத்தியதுபோல் தெரிகிற புள்ளிகள் எண்ணெய்ப் பைகள். சந்தனத்தில் மரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டை, வெட்டிவேரில் வேர். சுருக்கமாகச் சொன்னால், பூச்சிக்கொல்லி வேலையையும் சேர்த்துப் பார்க்கிற பொருள் இது. ‘இயற்கையானது, அதனால் மென்மையானது’ என்ற கணக்கு இங்கேயே இடிக்கிறது.

தமிழில் நமக்குக் கூடுதலாக ஒரு குழப்பம் இருக்கிறது. ‘தைலம்’ என்ற சொல் எள்ளைக் குறிக்கும் ‘திலம்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. சித்த, ஆயுர்வேதத் தைலம் என்றால் நல்லெண்ணெய் போன்ற ஒன்றில் மூலிகைகளைப் போட்டுக் காய்ச்சி வடித்தது. அதில் பெரும்பங்கு சாதாரண எண்ணெய். மூலிகையின் பங்கு கொஞ்சம். ஆனால் நீலகிரித் தைலத்தில் எள்ளும் இல்லை, கொழுப்பும் இல்லை. மொத்தமும் சாரம். தலைமுழுக்குத் தைலத்தைக் கை நிறைய அள்ளித் தேய்க்கிற பழக்கத்தில் அதே பெயருள்ள நீலகிரித் தைலத்தையும் தாராளமாக ஊற்றுகிறோம். ஒரே பெயர், முற்றிலும் வேறு பொருள்கள்.

கஷாயமும் மூடியும்

துளசிக் கஷாயம் கொதிக்கும்போது மூடியைத் தூக்கிப் பாருங்கள். மூடியின் அடியில் தண்ணீர்த் துளிகள் தொங்கும். அதை நக்கிப் பார்த்தால் துளசி வாசனை இருக்கும். ஆனால் நிறம் இருக்காது, கசப்பு இருக்காது. இதுதான் வாலை வடித்தலின் முழு ரகசியமும். பெரிய அண்டாவில் இலையையோ பூவையோ போட்டு, அதன் வழியே நீராவியைச் செலுத்துவார்கள். ஆவி, மணத்தை வாரிக்கொண்டு குழாய் வழியே போகும். குழாயைக் குளிர்ந்த நீரில் வைத்திருப்பார்கள். உள்ளே ஆவி குளிர்ந்து சொட்டும். அந்தப் பக்கம் பாத்திரத்தில் இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்கும். மேலே மெல்லிய படலமாக எண்ணெய், கீழே நிறைய தண்ணீர். கிராம்பு எண்ணெய் மாதிரி ஒன்றிரண்டு மட்டும் தண்ணீரைவிடக் கனமானவை. அவை அடியில் போய் உட்காரும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த மணப் பொருள்கள் தனியாகக் கொதிக்க 150, 200, இன்னும் அதிக டிகிரி செல்சியஸ் வேண்டும். அவ்வளவு சூட்டில் பல பொருள்கள் கெட்டுவிடும். ஆனால் தண்ணீரோடு சேர்ந்தால் 100 டிகிரிக்குக் கொஞ்சம் கீழேயே இரண்டும் சேர்ந்து ஆவியாகும். ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்களின் ஆவி அழுத்தமும் கூடிக்கொள்வதுதான் காரணம். இந்த இயற்பியல் இல்லையென்றால் அத்தர் தொழிலே இல்லை. கன்னௌஜில் இன்றும் செம்பு அண்டா, களிமண் பூச்சு, மூங்கில் குழாய் என்று இதே வேலை நடக்கிறது. ஊட்டி, குன்னூர் பக்கம் தைலம் காய்ச்சும் கொட்டகைகளிலும் நடப்பது இதுதான். யூகலிப்டஸ் நீலகிரிக்குச் சொந்த மரம் இல்லை. 1843 வாக்கில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. வந்த மரத்துக்கு மலையின் பெயரையே கொடுத்துவிட்டோம்!

இந்தக் கஷாய மூடிப் பாடத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதி விளம்பரங்களை நீங்களே எடை போட்டுவிடலாம். மஞ்சள் எசென்ஷியல் ஆயிலில் குர்குமின் நிறைந்திருக்கிறது என்று ஒரு பாட்டில் சொன்னால், அது நடக்காத காரியம். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் ஆவியோடு ஏறாது; அண்டாவிலேயே தங்கிவிடும். மேலே வருவது டர்மரோன் போன்ற மணப் பொருள்கள் மட்டும். வாலையில் வடித்த ரோஸ் வாட்டரில் விட்டமின் சி என்பதும் இதே கதைதான். செடியில் இருப்பதெல்லாம் சாரத்தில் இருக்கும் என்று நினைப்பது தவறு. பறக்கக்கூடியது மட்டும்தான் மறுபக்கம் போகும்.

இப்போது வைரலாக ஓடும் ‘ரோஸ்மேரி வாட்டர்’ இதற்குத் தலைகீழ். திறந்த பாத்திரத்தில் ரோஸ்மேரியைப் போட்டு கால் மணி நேரம் கொதிக்க விடுகிறார்கள். சமையலறை முழுக்க கமகமவென்று மணக்கிறது இல்லையா, அந்த மணம்தான் நீங்கள் எண்ணெய் என்று தேடிய பொருள். அது ஜன்னல் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது. பாத்திரத்தில் மிஞ்சுவது ரோஸ்மேரி டீ. ரோஸ்மேரி பற்றி எல்லோரும் காட்டும் 2015-ம் ஆண்டு இரானிய ஆய்வு, 2% மினாக்ஸிடிலோடு ரோஸ்மேரி எண்ணெய் கலந்த லோஷனை ஒப்பிட்டது. ஒவ்வொரு பக்கமும் 50 ஆண்கள், ஆறு மாதம். இரண்டு பக்கமும் முடி எண்ணிக்கை கொஞ்சம் கூடியது. மருந்தே இல்லாத லோஷனைத் தடவிய மூன்றாவது குழு ஒன்று அதில் இல்லை. அதை வைத்துக்கொண்டு டீயைத் தலையில் ஊற்றுவது கொஞ்சம் தூரமான முடிவு.

பன்னீர் எங்கே போனது?

வாலையில் எண்ணெயைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் அந்த மணத் தண்ணீருக்குத்தான் ஆங்கிலத்தில் ஹைட்ரோசால், ஃப்ளோரல் வாட்டர் என்று இன்றைக்குப் புதுப் பெயர்கள். சித்த மருத்துவத்தில் இதற்குத் ‘தீநீர்’ என்று அழகான பெயர் எப்போதோ உண்டு. ஓமத்தீநீர், சோம்புத்தீநீர் எல்லாம் இந்த வகை. கல்யாண மண்டப வாசலில் செம்பிலிருந்து தெளிக்கும் பன்னீரும் இந்தக் குடும்பம்தான்.

தண்ணீர்தானே, மிச்சம்தானே என்று ஒதுக்க முடியாது. ரோஜாவைப் பொறுத்தவரை கதை சுவாரசியமானது. ரோஜாவின் மணத்தில் பெரும் பங்கு வகிக்கும் ஃபீனைல் எத்தனால் என்ற பொருள் தண்ணீரில் நன்றாகக் கரையும். வடிக்கும்போது அது எண்ணெயில் நிற்காமல் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்துவிடும். அதனால்தான் நல்ல பன்னீரை முகர்ந்தால், எண்ணெயை முகர்வதைவிட அப்போது பறித்த ரோஜாவின் நினைவு சட்டென்று வருகிறது. எண்ணெயோ ரொம்பவும் சொற்பம். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3,000 முதல் 5,000 கிலோ வரை பூ வேண்டும். பல்கேரியாவின் கசான்லக் பள்ளத்தாக்கில் விடியும் முன்னே பறிக்க ஆரம்பிக்கிறார்கள். வெயில் ஏறினால் பூவிலேயே எண்ணெய் பறந்துவிடும் என்ற பயம்.

சரி, கடையில் கிடைக்கும் ரோஸ் வாட்டர் இதுதானா? பெரும்பாலும் இல்லை. பாட்டிலைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். உள்ளடக்கத்தில் ‘ரோசா டமாசீனா ஃப்ளவர் வாட்டர்’ அல்லது ‘டிஸ்டிலேட்’ என்று முதலில் இருந்தால் வாலையில் வடித்ததாகச் சொல்கிறார்கள் என்று பொருள். ‘அக்வா’ முதலில் வந்து, பிறகு ‘பெர்ஃப்யூம்’ அல்லது ‘ஃப்ராக்ரன்ஸ்’ வந்து, நடுவில் ‘பெக்-40 ஹைட்ரஜனேட்டட் காஸ்டர் ஆயில்’ என்று ஒன்று தட்டுப்பட்டால், தண்ணீரில் செண்டைக் கரைத்திருக்கிறார்கள். கரையாத வாசனையைக் கரைய வைக்கத்தான் அந்த மூன்றாவது ஆள். இது விஷம் கிடையாது, சட்டவிரோதமும் கிடையாது. அதற்குப் பன்னீர் விலை கொடுக்க வேண்டுமா என்பது மட்டும்தான் கேள்வி. இளஞ்சிவப்பு நிறத்தில் இருக்கும் ரோஸ் வாட்டரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கஷாய மூடியில் நிறம் ஏறாது என்று பார்த்தோமே.

மல்லிகை சொல்லும் கணக்கு

நம் ஊர் மல்லிகைக்கு வருவோம். ‘ஜாஸ்மின் எசென்ஷியல் ஆயில்’ என்ற பாட்டிலில் பெயரே தப்பு. உலகத் தரக் குறியீடான ஐஎஸ்ஓ 9235-ன்படி, நீராவியாலோ நீரோடு கொதிக்கவைத்தோ வடித்தது, எலுமிச்சை இனத் தோலைப் பிழிந்தெடுத்தது, தண்ணீரில்லாமல் உலர் முறையில் வடித்தது ஆகியவை மட்டும்தான் எசென்ஷியல் ஆயில். மல்லிகை மணம் ஆவிச் சூட்டைத் தாங்காது. அதனால் பூவை ஹெக்ஸேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து, பிறகு ஹெக்ஸேனை ஆவியாக்கி எடுத்துவிடுவார்கள். மிஞ்சும் மெழுகு போன்ற பொருளுக்கு ‘கான்க்ரீட்’ என்று பெயர் (ஆம், வீடு கட்டும் கான்க்ரீட்டின் அதே பெயர்தான்). அதை ஆல்கஹாலில் கரைத்து மெழுகை நீக்கினால் கிடைப்பது ‘அப்சொல்யூட்’. உலகின் விலை உயர்ந்த சென்ட்டுகளுக்குப் போவது இதுதான். திண்டுக்கல், மதுரை, சத்தியமங்கலம், கோவை வட்டாரங்களிலிருந்து ஏற்றுமதியாகிறது.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஒரு கிலோ அப்சொல்யூட்டுக்கு ரகத்தைப் பொறுத்து ஏறக்குறைய 700 முதல் 1,000 கிலோ பூ, சில சமயம் அதற்கு மேலும் தேவை. முகூர்த்த நாளில் குண்டுமல்லி கிலோ ஆயிரக்கணக்கில் போகும். அந்த விலைக்கு ஃபேக்டரி வாங்காது. வரத்து குவிந்து, விலை மிகவும் சரிந்து கிலோ 150 ரூபாய்க்குப் போகிற நாளில் வாங்குகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆயிரம் கிலோ பூவுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய். அப்படியென்றால் 10 கிராம் அப்சொல்யூட்டில் பூவின் விலை மட்டும் 1,500 ரூபாய். கரைப்பான், மின்சாரம், கூலி, பாட்டில், ஆப் கமிஷன், டெலிவரி எதுவும் இதில் சேரவில்லை. இப்போது 199 ரூபாய் ‘100% ப்யூர் ஜாஸ்மின் ஆயில்’ 10 மில்லி பாட்டிலைப் பாருங்கள். பூ விவசாயியிடம் கேட்டால் சிரிப்பார்.

அது என்னவாக இருக்கும்? பெட்ரோலிய மூலப்பொருளிலிருந்து செய்த பென்சைல் அசிடேட் போன்ற வாசனைப் பொருள்கள், வாசனையே இல்லாத ஏதாவது கரைப்பான், கூடவே ஒரு நல்ல லேபிள். செயற்கை மணப் பொருள் என்பதாலேயே கெட்டது என்று சொல்ல மாட்டேன்; பூவில் இருக்கும் அதே மூலக்கூறுதான் அதிலும் இருக்கிறது. சந்தையில் விற்கும் பூஜைக் கற்பூரத்தில் பெரும்பகுதி பைன் மரத்து டர்பென்டைனிலிருந்து ஆலையில் செய்ததுதான். யாரும் அதைக் குறையாகச் சொல்வதில்லை. ஆனால் பூ என்று சொல்லி ஆலைப் பொருளை விற்கும்போது ஏமாறுவது இரண்டு பேர். வாங்கும் நீங்கள் ஒருவர். அந்த 199 ரூபாயோடு போட்டி போட முடியாமல் நிற்கும் உண்மையான தயாரிப்பாளர் இன்னொருவர்.

‘100% ப்யூர்’ என்பதற்குப் பெரிதாக அர்த்தம் கிடையாது. ‘தெரப்யூட்டிக் கிரேடு’ என்பதற்கோ அர்த்தமே கிடையாது. எந்த அரசோ தரக்கட்டுப்பாட்டு அமைப்போ அப்படி ஒரு தரச்சான்று கொடுப்பதில்லை, விற்பனைப் பிரிவு கொடுத்துக்கொள்ளும் பட்டம் அது. காகிதச் சோதனை தேங்காயெண்ணெய், திரவ பாரஃபின் போன்ற கலப்படத்தை மட்டும் காட்டிக்கொடுக்கும். செயற்கை லினலூல் கலந்த லாவெண்டர் அதில் எளிதாகத் தப்பித்துவிடும். சந்தனம், வெட்டிவேர் போன்ற கனமான எண்ணெய்கள் கலப்படமில்லாமல் இருந்தாலும் கறை லேசில் போகாது. ஆய்வகத்தில் ஜிசி-எம்எஸ் என்ற கருவியில் ஓட்டினால் எந்த மூலக்கூறு எத்தனை சதவீதம் என்று பிரித்துக் காட்டும். கன்னௌஜில் இருக்கும் எஃப்எஃப்டிசி, லக்னோவில் இருக்கும் சிஐமேப் போன்ற மத்திய அரசு நிறுவனங்கள் இந்தத் துறையில்தான் இருக்கின்றன. ஓரளவு நேர்மையான விற்பனையாளர் செடியின் தாவரவியல் பெயர், எந்தப் பாகம், எந்த நாடு, பேட்ச் எண், அந்த பேட்ச்சுக்கான ஜிசி-எம்எஸ் அறிக்கை எல்லாவற்றையும் வைத்திருப்பார். கேட்டால் தருகிறாரா என்று பாருங்கள்.

தண்ணீருக்கு உள்ள ஆபத்து

எண்ணெயில் கிருமி வளர்வது கடினம். தண்ணீரில் அப்படியில்லை. தீநீரில் இருக்கும் மணப் பொருள் ஒரு சதவீதத்தைக்கூட எட்டாது, மீதியெல்லாம் தண்ணீர். பாதுகாப்புப் பொருள் சேர்க்காத அசல் பன்னீர் திறந்த பிறகு சீக்கிரமே கெடத் தொடங்கும். ‘கெமிக்கல் ஃப்ரீ’ என்று பெருமையாகப் போட்டு, இரண்டு வருடம் வெளியிலேயே வைக்கலாம் என்றும் போட்டிருந்தால், அந்த இரண்டில் ஒன்று பொய்.

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. 2021-ல் அமெரிக்காவில் ஜார்ஜியா, கான்சஸ், மினசோட்டா, டெக்சஸ் என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு மாநிலங்களில் நான்கு பேருக்கு மெலியாய்டோசிஸ் என்ற அரிய தொற்று வந்தது. நம் பகுதி மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் பாக்டீரியா அது. யாரும் இந்தப் பக்கம் வந்தவர்கள் இல்லை. இரண்டு பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் குழந்தை. மாதக்கணக்கில் தேடிய பிறகு ஒரு நோயாளியின் வீட்டில் இருந்த லாவெண்டர்-கெமோமில் வாசனை அரோமாதெரபி ஸ்ப்ரே பாட்டிலில் அந்த பாக்டீரியா சிக்கியது. தயாரான நாடு இந்தியா. சுமார் 3,900 பாட்டில்கள் திரும்பப் பெறப்பட்டன. செடி மணம், இயற்கைக் கற்கள் எல்லாம் அந்த பாட்டிலில் இருந்தன. இல்லாமல் போனது சுத்தம் மட்டும்.

வீட்டில் வடித்த பன்னீரோ, வாங்கிய அசல் பன்னீரோ, ஃப்ரிட்ஜில் வையுங்கள். கலங்கல், நூல் போல ஏதாவது மிதப்பது, புளித்த வாசனை இருந்தால் கொட்டிவிடுங்கள். கண்ணுக்குள் மட்டும் எந்த ரோஸ் வாட்டரையும் விடாதீர்கள். ‘கண் குளிர்ச்சிக்கு ரெண்டு சொட்டு’ என்பது எங்கள் வீட்டிலும் இருந்த பழக்கம்தான். கண் மருந்து கிருமி நீக்கிய பாட்டிலில் வருவதற்குக் காரணம் இருக்கிறது.

வேலை செய்யுமா, செய்யாதா?

சில இடங்களில் செய்கிறது. குடலில் போய்க் கரையும்படி உறையிட்ட பெப்பர்மின்ட் எண்ணெய் காப்ஸ்யூல், ஐபிஎஸ் எனப்படும் குடல் எரிச்சல் தொந்தரவுக்குப் பலன் தருகிறது; அமெரிக்க இரைப்பை-குடல் மருத்துவர்களின் 2021 வழிகாட்டுதலும் அதைப் பரிந்துரைக்கிறது. கிராம்பு எண்ணெயின் யூஜினால் பல் மருத்துவர்கள் இன்றும் தொடும் பொருள். வாசனை மனதை இலேசாக்கும் என்பதற்கு ஆய்வே தேவையில்லை. மழை பெய்ததும் மண் வாசனைக்கு ஜன்னலைத் திறக்கிறோமே.

சில இடங்களில் வேலை செய்வதுபோல் தெரிகிறது. மென்தாலை முகர்ந்ததும் மூக்கு திறந்த மாதிரி இருக்கும். உண்மையில் மென்தால் நரம்பின் குளிர்ச்சி உணரியைத் தூண்டுகிறது. மூக்கில் போகும் காற்றின் அளவை அளந்து பார்த்தால் மாற்றமில்லை. நிம்மதி உண்மைதான், அடைப்பு அப்படியேதான்.

சில இடங்களில் வெறும் வியாபாரம். எபோலா பரவிய 2014-ல், தங்கள் எண்ணெய்கள் அந்த வைரஸைத் தடுக்கும் என்று முகவர்கள் பிரசாரம் செய்ததற்காக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இரண்டு பெரிய எசென்ஷியல் ஆயில் நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. நம் நாட்டிலும் சர்க்கரை நோய், புற்றுநோய் போன்றவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது 1954-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ரீல்ஸுக்கு அந்தச் சட்டம் தெரியுமா என்பது வேறு கதை.

தோலில் தடவுவதானால் நேரடியாக வேண்டாம். ஒரு மில்லிக்குத் தோராயமாக 20 சொட்டு. 30 மில்லி தேங்காயெண்ணெயில் ஆறு சொட்டு கலந்தால் 1%. பெரியவர்களுக்கு முகத்துக்கு அதுவே அதிகபட்சம். தண்ணீரில் சொட்டு விட்டுக் குளிக்காதீர்கள். கரையாது, மிதந்து வந்து தோலில் அப்படியே ஒட்டும். பிழிந்தெடுத்த எலுமிச்சை, பெர்கமாட் எண்ணெய்களைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கருகிப்போகும். அதே எலுமிச்சையை வாலையில் வடித்தால் அந்தப் பிரச்சினை வராது. வெயிலோடு சண்டை போடும் பொருள் ஆவியில் ஏறாது. பழைய பாட்டிலும் ஆபத்து: லாவெண்டர் எண்ணெய் காற்றுபட்டு ஆக்சிஜனேற்றம் ஆனால் அலர்ஜி கிளப்பும் பொருளாக மாறுகிறது. வீட்டில் பூனை இருந்தால் டிஃப்யூசரைப் பற்றி இன்னொரு முறை யோசியுங்கள். இந்த மூலக்கூறுகள் பலவற்றைச் செயலிழக்க வைக்கும் வசதி பூனையின் கல்லீரலில் குறைவு.

குழந்தை இருக்கும் வீட்டில்

நூறு கிலோ யூகலிப்டஸ் இலையை வடித்தால் கிடைப்பது ஒன்றிரண்டு கிலோ எண்ணெய். அப்படியென்றால் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, கால் முதல் அரை கிலோ இலையின் சாரம். அந்த ஒரு டீஸ்பூன் அளவை விழுங்கினாலே சிறு குழந்தைக்கு மயக்கம், வலிப்பு, மூச்சு அடங்குதல் வரை போகலாம். கற்பூரம் இன்னும் வேகமானது. விழுங்கிய சில நிமிடங்களிலேயே வலிப்பு வரக்கூடும். தோல் வழியாகவும் மூக்கு வழியாகவும்கூட உடலுக்குள் போகும். அமெரிக்காவில் கற்பூர எண்ணெய் விற்பனையையே 1980-களின் தொடக்கத்தில் நிறுத்தினார்கள். தடவும் மருந்துகளில் கற்பூரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் விதித்தார்கள்.

பெரியவர்களும் விதிவிலக்கில்லை. 2021-ல் வெளியான தென்னிந்திய மருத்துவமனைகளின் ஆய்வு ஒன்று, வலிப்போடு வந்தவர்களில் 55 பேருக்கு யூகலிப்டஸ், கற்பூரம் சேர்ந்த பொருள்களோடு தொடர்பு இருந்ததைப் பதிவு செய்தது. அதில் 22 பேருக்கு அதற்கு முன் வலிப்பு நோயே கிடையாது. வீட்டில் யாருக்காவது வலிப்பு நோய் இருந்தால் தைலம், பாம் விஷயத்தை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இரண்டு வயதுக்குக் கீழே கற்பூரம், மென்தால், யூகலிப்டஸ் எதுவும் தேய்க்க வேண்டாம். தலையணையில் சொட்டு விடுவது, துணியில் முடிந்து கழுத்தில் கட்டுவது, மூக்கில் வைப்பது எல்லாமே இதில் அடங்கும். அதற்கு மேலான வயதுக்கும் டாக்டரைக் கேட்ட பிறகுதான். சின்னக் குழந்தைக்குச் சளி என்றால் மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு, தாய்ப்பால், கவனிப்பு. மூச்சு வேகமானால், பால் குடிக்க மறுத்தால் மருத்துவமனை. பாட்டி கேட்டால், ‘அப்போ நீங்க தேய்ச்சது எண்ணெயில காய்ச்சின தைலம் பாட்டி, இது வேற’ என்று சொல்லிப் பாருங்கள். பாதி உண்மை, ஆனால் மனஸ்தாபம் வராது.

குழந்தை பாட்டிலைத் திறந்து குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இந்த எண்ணெய் மீண்டும் மேலே வரும்போது நுரையீரலுக்குள் போய்விடும், அது விழுங்கியதைவிட மோசம். பாலோ உப்புத் தண்ணீரோ கொடுக்க வேண்டாம். குழந்தை நன்றாகத்தானே விளையாடுகிறது என்று காத்திருக்கவும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று டாக்டர் பார்க்க, அந்த பாட்டிலையும் மூடியோடு கையில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.